நாலரை மணிக் கவலை

பிரமநாயகிக்கு ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுக் கவலை. இதை எண்ணிச் சொன்னது அக்கம்பக்கத்துக்காரர்கள் இல்லை. அவர்கள் எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும். ரத்தக்கொதிப்பு பார்க்கிற டாக்டர் ஒரு வாரத்துக்கு மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார், அது எண்ணிச் சொன்னது. அடுப்பை அணைத்தோமா என்பது ஒன்று. மோட்டாரை நிறுத்தினோமா என்பது ஒன்று. மழை வந்தால் வடகம் என்னாகும் என்பது ஒன்று, மழையே வராவிட்டால் கிணறு என்னாகும் என்பது இன்னொன்று. இப்படி உதிரியாக ஏழெட்டுப் போக, பாக்கி எல்லாமே மகள் உலகம்மையைப் பற்றியது.

உலகம்மைக்கு வேலை கடலில். மணப்பாட்டுக்கு நேர் எதிரே, கரையிலிருந்து ஒன்பது கல் தள்ளி, கடலுக்குள்ளேயே காத்தாடிகளை நட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. காற்றில் கரண்டு எடுக்கிற காத்தாடிகள். ஒவ்வொன்றும் நம் ஊர்க் கோயில் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு உயரம். அவற்றின் உச்சியில் ஏறித் திருகாணி முடுக்குகிற பதினோரு பேரில் உலகம்மையும் ஒருத்தி. திங்கள் முதல் சனி வரை மணப்பாட்டிலேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வருவாள். தினமும் காலையில் படகில் போனால் சாயங்காலம் நாலரைக்குக் கரையில் இறங்குவாள்.

பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணியாக வேண்டும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள எழுதாத சட்டம்தான். பிரமநாயகி அந்தச் சட்டத்தில் தன் பங்குக்குச் சில பிரிவுகளைச் சேர்த்திருந்தாள். ஏறுமுன் ஒன்று, ஏறிய பின் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, காற்று கூடினால் ஒன்று. மகள் பண்ண மறந்தால் இவளே பண்ணிவிடுவாள். அப்படித்தான் ஒருநாள் உச்சியில் இருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர, உலகம்மை கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கடலில் விழுந்தது. கீழே நின்ற படகுக்காரர் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழுந்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

"எம்மா, சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஏற விடமாட்டாங்க. நீ போன் பண்ணுதத நிறுத்தலன்னா குஜராத் கடல்ல ஒரு இடம் காலியா இருக்கு, எழுதிக் கேட்டு நான் அங்கயே போயிருவேன்."

"குஜராத்துல என்னத்தத் திம்பே?"

"பாத்தியா. நான் என்ன சொல்லுதேன், நீ என்ன கேக்கே."

பிரமநாயகியின் கணவர் சங்கரலிங்கம், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கவலைப்படும் இலாகாவை முப்பது வருஷமாக மனைவியிடமே ஒப்படைத்திருந்ததால் அவருக்கு நல்ல தூக்கம், நல்ல ஜீரணம். "நூலக மாடில மைண்ட்ஃபுல்னெஸ் கிளாஸ்னு ஒண்ணு நடக்காம். மனசு ஓடாம இருக்கக் கத்துக்குடுக்காங்களாம். போய்த்தான் பாரேன்" என்றார்.

"மனசு ஓடாம இருந்தா இந்த வீடு ஓடுமா?" என்று கேட்டாள். ஆனாலும் குஜராத் என்ற சொல் அவளை விடவில்லை. போய் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு எடுத்தவள் ரிஸ்வானா, மேலப்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயது. முதல் நாள் ஆளுக்கொரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்தாள். விழுங்காமல், அவசரப்படாமல், அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டுமாம்.

"என்ன தெரியுது நாயகிம்மா?"

"கழுவல."

"அதைத் தவிர?"

"பழைய சரக்கு. காம்பக்கூடக் கிள்ளல. எந்தக் கடைல வாங்கினே?"

இரண்டாம் நாள் மூச்சு. உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது இரண்டு. பிரமநாயகிக்கு ஒன்று சொல்லும்போது மோட்டார் ஞாபகம் வந்தது, இரண்டு சொல்லும்போது மகள் ஞாபகம் வந்தது, மூன்று சொல்வதற்குள் எழுந்து போய்ச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"நெனப்பு வந்தா விரட்டாதீங்க. அது உடம்புல எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டு அது கூடவே இருங்க, போதும்" என்றாள் ரிஸ்வானா.

"விரட்டாம இருந்தா அது சப்பணம் போட்டு உக்காந்துருமே தாயி."

மூன்றாம் வாரமும் இப்படியே போனபின், ரிஸ்வானா அலமாரியிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்தாள். நெற்றியில் கட்டுவது, ஓரத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பொத்தான், பக்கத்தில் கடுகு போல ஒரு விளக்கு.

"இது ஆரம்பத்துல கஷ்டப்படுறவங்களுக்கு. ஒரே ஒரு கவலைய நெனச்சுக்கிட்டுப் பொத்தானை அமுக்குனா, அதை அப்படியே இறக்கி வச்சிரும். அந்தப் பத்து நிமிஷம் வெறும் மூச்சோட இருந்து பழகிக்கலாம். முடிஞ்சதும் விளக்கு பச்சையா எரியும். திரும்ப ஒருதடவ அமுக்கித் திருப்பி வாங்கிக்கணும். கட்டாயம் வாங்கிக்கணும்மா."

"வாங்காட்டா?"

"இதுவரைக்கும் யாரும் வாங்காம விட்டதில்ல."

இதுவரைக்கும் அவளிடம் பிரமநாயகி போனதில்லை, அவ்வளவுதான்.

பட்டையைக் கட்டி, உலகம்மையை நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். பல்லுக்கிடையில் இத்தனை வருஷமாகக் கடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியது போல இருந்தது. பத்து நிமிஷம் மூச்சு தன்பாட்டுக்குப் போய்வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பிரமநாயகி யோசித்தாள். நகையை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, பத்தாவது நிமிஷம் அதைத் திருப்பி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறவள் உலகத்தில் உண்டா? பட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "வீட்டுல பழகிட்டு அடுத்த மாசம் தாரேன்" என்று சொல்லி வந்துவிட்டாள்.

முதல் வாரம் சங்கரலிங்கத்துக்குக் கொண்டாட்டம். நாலரை மணிக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து அவர் காலை மிதிக்கிறவள் இல்லை. நாலு மணிக் காப்பி நாலு மணிக்கே வந்தது. "அந்தப் பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்" என்று ரிஸ்வானாவைப் புகழ்ந்தார்.

இரண்டாம் வாரம் ஒருநாள் அலமாரியைத் திறந்தவர் கருப்பட்டி மிட்டாய் டப்பா காலியாக இருப்பதைப் பார்த்தார். அது மகளுக்கென்று சனிக்கிழமைதோறும் வாங்கி வைப்பது. காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. பலமுறை அவரே அதைக் காலி செய்யப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறார்.

"ஏளா, மிட்டாய் வாங்கலியா?"

"யாருக்கு?" என்றாள் பிரமநாயகி. கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

மூன்றாம் ஞாயிறு உலகம்மை வந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மா, வியாழக்கிழமை காத்தாடிக்குள்ள லிஃப்ட் நின்னு போச்சு. பாதி உயரத்துல. ரெண்டு மணிக்கு மாட்டினது, ஆறரைக்குத்தான் கரைக்கு வந்தேன். வெளிய மழை, உள்ள இருட்டு."

"அப்படியா" என்றாள் பிரமநாயகி. "இந்தத் தடவ வெங்காயம் ரொம்பச் சின்னதா வந்துருக்கு, பாரேன்."

சங்கரலிங்கம் பேப்பரை இறக்கினார்.

"போன்ல சிக்னல் இருந்துச்சு" என்றாள் உலகம்மை. "நாலரை ஆச்சு, இப்ப அடிக்கும்னு பாத்தேன். அஞ்சு ஆச்சு. ஒரு மிஸ்டு கால்கூட இல்ல."

"நீதான பண்ணக்கூடாதுன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்." விரலில் ஒரு வெங்காயச் சருகை வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "கரைல ஒரு அம்மா நிப்பாங்க. ரெண்டு மூணு வாரமா தெனமும் நிக்காங்க. யாருன்னு தெரியாது. படகு வந்ததும் எங்க பதினோரு பேரையும் எண்ணுவாங்க. எண்ணிட்டுப் போயிருவாங்க. அன்னைக்கு மட்டும் ஆறரை வரைக்கும் மழைல நின்னுருக்காங்க, குடைகூட இல்லாம. நான் எறங்கினதும் 'வந்துட்டியா மக்கா'ன்னு கையப் பிடிச்சாங்க. பிடிச்ச கைய விடவே இல்லம்மா."

"நல்ல மனுசி" என்று சொல்லிவிட்டு பிரமநாயகி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

உலகம்மை அன்றைக்கு மதியமே கிளம்பிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று யாரும் சொல்லவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வார்த்தைக்காகவே போல வாசலில் ஒரு நிமிஷம் நின்றதை சங்கரலிங்கம் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்குக் கவலை வந்தது.

"ஏளா நாயகி" என்றார். "அத எங்க கொண்டு வச்சே?"

"எத?"

"உலகம்மையோட கவலைய."

பிரமநாயகி யோசித்துப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பல் விழுந்த ஈறு மாதிரி வழவழ என்று இருந்தது. பயம் வரவில்லை. வரவில்லையே என்பதுதான் விசித்திரமாக இருந்தது. பட்டையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் கணவரோடு நூலக மாடிக்குப் போனாள்.

ரிஸ்வானா விளக்கைப் பார்த்தாள். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. அவள் முகம் வெளிறியது.

"பதினெட்டு நாளாவா?"

"பத்திரமாத்தான இருக்கு?" என்றாள் பிரமநாயகி. "மெஷினுக்குள்ள?"

"மெஷின்ல வைக்க முடியாதும்மா. வச்சுப் பாத்தாங்க. கவலைன்னா யாரையாவது நெனச்சுத் துடிக்கணும்ல? மெஷினுக்கு யார் இருக்கா? ஒரு நிமிஷத்துல கரைஞ்சு போயிருது. திருப்பிக் குடுக்க ஒண்ணும் இருக்காது. அதனால..."

"அதனால?"

"ஆளுங்க இருக்காங்க. தாங்குறவங்கன்னு சொல்லுவோம். அவங்களும் ஒரு பட்டை கட்டியிருப்பாங்க. விஷயம் போகாது, யாரு என்னன்னு தெரியாது. பதட்டம் மட்டும் போகும். பத்து நிமிஷம்னு சொல்லித்தான் சம்மதம் வாங்குறோம். கடக்கரை ஊருப் பொம்பளைங்கதான் அதிகம். காத்திருந்து பழகினவங்க, அதனால அவங்களுக்குத் தாங்கும்னு கம்பெனியில..." முடிக்காமல் நிறுத்தினாள். "பாதிப்பு ஒண்ணும் இருக்காதும்மா. திருப்பி வாங்கிட்டா அவங்ககிட்ட எதுவும் தங்காது, துடைச்ச சிலேட்டு மாதிரின்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

"என்னோடத யாரு வச்சுருக்கா?"

சொல்லக்கூடாது என்பது விதி. ரிஸ்வானா விதியை நினைத்தாள், பதினெட்டு நாளை நினைத்தாள். "ஏசுவடியாள்னு ஒருத்தங்க. மணப்பாடு."

பிரமநாயகிக்குக் கவலை வரவில்லை, அதுதான் அவளிடம் இல்லையே. வெட்கம் வந்தது; வெட்கத்தை அவள் எங்கேயும் கொண்டு வைத்திருக்கவில்லை. "எம்பிள்ளைக்காக ஊரான் வீட்டுப் பொம்பள வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கா. நான் இங்க காலாட்டிக்கிட்டு வெங்காயம் உரிக்கேன்" என்றாள். "கிளம்புங்க."

திருச்செந்தூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மணப்பாட்டில் இறங்கும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. மணல்மேட்டுக் கோயிலுக்குக் கீழே படகுத்துறை. அங்கே சிமெண்டுத் தூணில் சாய்ந்தபடி ஒரு பெண் கடலைப் பார்த்து நின்றாள். பிரமநாயகியின் வயதுதான் இருக்கும். நெற்றியில் அதே மாதிரிப் பட்டை. சேலைத் தலைப்பால் பாதி மறைத்திருந்தாள்.

"ஏசுவடியாள் நீங்கதானா?"

அந்தப் பெண் இவள் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா?" என்றாள். "வாங்க வாங்க. ஒங்கள ஒருநாள் பாத்து நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க. கேக்க வேண்டியதுதான்."

"எப்படித் தாயி இத இத்தன வருசமா வச்சிருந்திய? எத்தனயோ பேரு கவலை வந்துட்டுப் போயிருக்கு. அதெல்லாம் ஈ மாதிரி, ஒக்காரும், எந்திச்சுப் போயிரும். ஒங்களது ஆட்டுக்கல்லுல்லா."

சங்கரலிங்கம் சிரித்துவிட்டு, மனைவி பார்த்த பார்வையில் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கம்பெனில சொல்லியிருக்கலாமே?" என்றாள் பிரமநாயகி.

"சொல்லலாம். சொன்னா எடுத்துருவாங்கல்லா." ஏசுவடியாள் தலைப்பைச் சரி செய்தாள். "எனக்கு விசயம் ஒண்ணும் தெரியாது, நேரம் மட்டும் தெரியும். நாலரை ஆனா காது எதையோ தேடும். வீட்டுல இருப்புக் கொள்ளாது. வெளிய வந்து கடலப் பாத்தேன், காத்தாடி நிக்கி. நாலரைக்குப் படகு வருது. சரி, எவளோ பெத்தது ஒண்ணு அதுல வருதுன்னு வந்து நின்னேன். எதுன்னு தெரியாததால பதினொண்ணையும் எண்ணுதேன்."

"எம்மவதான் அதுல ஒருத்தி. என்னய மன்னிச்சுக்கிடுங்க."

"எதுக்கு? எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயித் திரும்பல. ஒம்பது வருசம் ஆச்சு. அதுக்குப் பொறவு எனக்கு நாலரையும் ஒண்ணுதான், அஞ்சரையும் ஒண்ணுதான். இந்தப் பதினெட்டு நாளாத்தான் மணி பாக்கேன்."

பிரமநாயகி கடலைப் பார்த்தாள். தொலைவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. படகாக இருக்கலாம், அலை நுரையாகவும் இருக்கலாம். மணி நாலு முப்பத்தைந்து.

"குடுத்துருங்க" என்றாள். "என்னோடது."

"வாங்கிக்கிடுங்க" என்றாள் ஏசுவடியாள். ஆனால் கை நெற்றிப் பட்டையைத் தொட்டபடி ஒரு கணம் அங்கேயே இருந்தது.

பிரமநாயகி பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

பதினெட்டு நாளும் மொத்தமாக வந்தது. படகு ஐந்து நிமிஷம் தாமதம் என்பதும், வியாழக்கிழமை மழையும், பாதி உயரத்தில் நின்ற லிஃப்டும், இருட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்த மகளும், "அப்படியா" என்ற தன் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கால் தன்னால் நடக்கப் பார்த்தது. எங்கே நடக்க, முன்னால் கடல். கை இடுப்பிலிருந்த போனைத் தேடியது.

ஏசுவடியாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடாதிய. இப்ப அது எங்க இருக்கு? தொண்டையிலயா, வயித்துலயா?"

"வயித்துல."

"இருந்துட்டுப் போட்டும். நீங்களும் இங்கயே இரிங்க. ஒங்களுக்கும் அதுக்கும் படகு வந்தாத்தான் வேலை."

நூலக மாடியில் அந்தப் பெண் சொன்னதும் இதைத்தானோ என்று பிரமநாயகிக்கு ஒரு ஓரத்தில் தோன்றியது. அதை நினைத்து முடிப்பதற்குள் புள்ளி படகாகிவிட்டது. ஏசுவடியாள் வாய்க்குள் எண்ணினாள். பதினொன்று.

உலகம்மை இறங்கியதும் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா, நீ எங்க இங்க?"

பிரமநாயகி மகளை இரண்டு தோளிலும் பிடித்து, உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "ஏட்டி, வியாழக்கிழமை நாலு மணி நேரம் தொங்கியிருக்கே. பெத்தவளுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா ஒனக்கு? கை என்ன ஒடிஞ்சா போச்சு?"

நாலு நாள் பிந்தி வந்த திட்டு. உலகம்மை சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ வேறாக மாறியது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "குஜராத்துக்குப் போகல" என்றாள்.

"யாரு ஒன்ன விட்டா?"

ஏசுவடியாளின் பட்டையில் விளக்கு அணைந்திருந்தது. "ஒங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று பிரமநாயகி கேட்டாள். "லேசா இருக்கு, ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். பட்டையைக் கழற்றி மடித்தாள். சங்கரலிங்கம் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உலகம்மை எழுதிக் கொடுத்த போன் எண்ணைத் தலைப்பில் முடிந்துகொண்டு மணலில் நடந்து போனாள்.

அதன்பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஒரு நாளைக்கு ஒரே போன். அதுவும் நாலே முக்காலுக்கு. அதற்கு முன்னால் பத்து நிமிஷம், பட்டை கிட்டை எதுவும் இல்லாமல், பிரமநாயகி சும்மா உட்கார வேண்டும். முதல் நாள் மூன்று நிமிஷம் உட்கார்ந்தாள். மறுநாள் நாலு நிமிஷம், அதில் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்தது. ரிஸ்வானா, "பரவால்லம்மா, நல்லாத்தான் வருது" என்றாள். திராட்சையைக் கழுவிக் கொடுக்கிற அளவுக்கு அவளும் முன்னேறியிருந்தாள். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, பட்டைகள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை, காற்று கொஞ்சம் கூடுதலாக வீசியது. பிரமநாயகி உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். நாலு முப்பத்துமூன்றுக்கு, ஒப்பந்தத்தை மீறி, எண்ணை அமுக்கிவிட்டாள்.

லைன் பிஸி.

ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அமுக்கினாள். பிஸி.

சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். "என்னளா, எடுக்கலியா?"

"பேசிக்கிட்டு இருக்கா."

"எறங்கின ஒடனேயா? ஒன்னயத் தவிர இந்த நேரத்துல அவளுக்கு யாரு போன் பண்ணப் போறா?"

பிரமநாயகி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறையில், சிமெண்டுத் தூணில் சாய்ந்தபடி, காற்றுக்குத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி அவள் கண்முன் வந்தாள். எண்ணிக்கையில் ஏதோ தட்டியிருக்கும், அல்லது படகு பிந்தியிருக்கும், அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிருக்கும். துடைத்த சிலேட்டாம். மெஷினுக்கு என்ன தெரியும்.

"இருக்காங்க" என்றாள். "நீங்க சும்மா இரிங்க."

போனை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். வயிற்றில் அது இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். மூச்சு உள்ளே போனது, ஒன்று. வெளியே வந்தது. மறுபடி போனது, இரண்டு. மோட்டார் ஞாபகம் வந்தது. வந்த வழியே போனது. துறையில் இறங்குகிறவர்களை எண்ணுவதுபோல நிதானமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

பத்தை முடித்தபோது மடியில் போன் அடித்தது. மகள்தான். இன்னும் ஒரு மூச்சு பாக்கி இருந்தது. அதையும் கரையேற்றிவிட்டுத்தான் எடுத்தாள்.